யூனிட்டி கேம் எஞ்சினில் லெவல் அமைக்கும்போது எந்த டீஃபால்ட் அமைப்பை மாற்றலாம்?

"படிக்கட்டில் என் கேரக்டர் ஏறவே மாட்டேன் என்கிறது, எதை மாற்றுவது?" என்று கேட்டிருந்தீர்கள். மயிலாப்பூர் தெப்பக்குளத்தை மனதில் வைத்து நான் ஒரு லெவல் கட்டியபோது எனக்கும் இதே சிக்கல்தான். படிகளை 0.4 மீட்டர் உயரத்தில் வைத்திருந்தேன். கேரக்டரை நகர்த்தும் கேரக்டர் கன்ட்ரோலரின் ஸ்டெப் ஆஃப்செட் (ஏறக்கூடிய படியின் அதிகபட்ச உயரம்) டீஃபால்ட்டாக 0.3, அதைவிட உயரமான படி அதற்குச் சுவர் மாதிரி. 0.45 ஆக்கியதும் ஏறியது. அப்புறம் பார்த்தால், ஏறக் கூடாத சின்னத் திட்டுகளிலும் ஏறியது! அதனால் எண்ணைக் கூட்டுவதற்கு முன் படியின் உயரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், படிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளக் கொலைடர் (மோதலுக்கான வடிவம்) வையுங்கள். எனக்கு இதுதான் பிடித்த வழி. சாய்வு 45 டிகிரிக்குள் இருக்கட்டும், ஏறக்கூடிய அதிகபட்சச் சாய்வைச் சொல்லும் ஸ்லோப் லிமிட்டின் டீஃபால்ட் அதுதான்.

ஒரு யூனிட் என்பது ஒரு மீட்டர் என்ற கணக்கை மட்டும் தொடாதீர்கள். 9.81 என்ற ஈர்ப்பு மதிப்பு அதை நம்பித்தான் இருக்கிறது.

சரி, மாற்றியதை எப்படி வைத்துக்கொள்வது? பிரீசெட்டாக (மதிப்புகளின் தொகுப்பாக) சேமித்து பிரீசெட் மேனேஜரில் சேர்த்துவிடுங்கள். கேரக்டர் கன்ட்ரோலர் போல நீங்கள் புதிதாகச் சேர்க்கும் அந்த வகைக் கம்போனென்ட்கள் அந்த மதிப்புகளோடு வரும். பழையவை தானாக மாறாது.