விடை சரி, வழி வேறு: கணக்கில் மதிப்பெண் குறைக்கலாமா?

குறைக்கக் கூடாது. பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை நான். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் கேம்ப்புக்குப் பல வருடம் போனவள் என்பதால் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

பாடப்புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டான் என்று உங்கள் மகனுக்கு ஐந்துக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள், இது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரையாண்டுத் தேர்வாக இருக்கும் என்று நினைக்கிறேன். டீச்சரிடம் கேட்டால் "கீயில் இப்படித்தான் இருக்கு" என்று பதில் வந்திருக்கும். கீ என்பது திருத்துகிறவர்களுக்குக் கொடுக்கும் விடைக்குறிப்பு, அது ஒரு வழியைக் காட்டுவது. கணக்கைப் பொறுத்தவரை, வேறு சரியான முறையில் செய்திருந்தால் அதற்கும் முழு மதிப்பெண் தர வேண்டும் என்பதுதான் நாங்கள் திருத்திய காலத்திலும் குறிப்பு. சூத்திரத்தைத் தனியாக எழுதாவிட்டாலும் அடுத்த வரியில் அதைப் பயன்படுத்தியிருந்தால் சூத்திரத்துக்குரிய மார்க்கைக் கொடுத்துவிட வேண்டும். இதைப் படிக்காமல் விடைகளை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் சிக்கல்.

ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 300-க்கும் 600-க்கும் இடையில் 7-ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல். கீ எப்படிப் போகும்? 301, 308 என்று தொடங்கி 595 வரை கூட்டுத் தொடர்வரிசை. உறுப்புகளின் எண்ணிக்கை 43. பிறகு சூத்திரத்தில் போட்டு 19264. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் ஆசிரியர் ஒரு தாளை என்னிடம் நகர்த்தி, "அக்கா, இதுக்கு ரெண்டு போட்டிருக்கேன், சரிதானே?" என்றார். அந்தப் பிள்ளை சூத்திரத்தின் பக்கமே போகவில்லை. எல்லாவற்றிலும் 7-ஐப் பொதுவாக எடுத்துவிட்டு, 43 முதல் 85 வரை கூட்டினால் போதும் என்று எழுதியிருந்தது. மொத்தம் 43 எண்கள். 43-ம் 85-ம் சேர்ந்தால் 128, பாதி 64, அதுதான் நடு எண். 43 × 64 = 2752. அதை 7-ஆல் பெருக்கி 19264. நாலே வரி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஃபார்முலா இல்லையே அக்கா, எஸ்.ஓ. கேட்டா என்ன சொல்றது?" என்றார் அவர். எஸ்.ஓ. என்பவர் நாங்கள் திருத்திய தாளைச் சரிபார்க்கிறவர். தாளை எடுத்துக்கொண்டு இருவரும் எங்கள் மேசைக்குப் பொறுப்பான முதன்மைத் தேர்வாளர் சி.இ.யிடம் போனோம். அவர் முதலில் கீயைத்தான் காட்டினார். நான் விடவில்லை. எண்கள் சம இடைவெளியில் போனால் முதலும் கடைசியும் சேர்ந்ததில் பாதிதான் சராசரி, சூத்திரமும் அதைத்தானே சொல்கிறது சார் என்றேன். அவர் தாளை வாங்கி, பேனாவை எடுத்து, வேறு எண்களை வைத்துத் தானே போட்டுப் பார்த்தார். பிறகு ஐந்தும் போடச் சொன்னார். அத்தோடு நிற்காமல், இந்த மாதிரி வந்தால் முழு மார்க் என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் சொன்னார். பெரிய மனிதர். தாளில் பெயர் கிடையாது, டம்மி எண்தான். அது யார் வீட்டுப் பிள்ளையோ. ஆனாலும் என் பணிக்காலத்தில் நான் பெருமைப்படும் காரியங்களில் இது ஒன்று.

உடனே ஒருவர் வந்து, "அப்படியென்றால் விடையை மட்டும் எழுதிவிட்டால் போதுமா டீச்சர்?" என்பார். போதாது. எப்படி வந்தது என்று தாளில் தெரிய வேண்டும். ஐந்து மார்க் கணக்கில் வெறும் 19264 என்று எழுதினால் நானும் கொடுக்கமாட்டேன். அதேபோல நடுவில் ஒரு கூட்டலில் சறுக்கி, அதற்குப் பிறகு எல்லாம் முறையாகப் போயிருந்தால், சறுக்கிய இடத்தில் மட்டும்தான் கழிக்க வேண்டும். ஒரே தப்புக்கு மூன்று இடத்தில் கழிப்பதை என்னால் ஏற்க முடியாது. தாராளமாக அள்ளிப் போடச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

திருத்துகிறவர்களைத் திட்டுவதும் எனக்குப் பிடிக்காது. காலையில் 15 தாள், மதியம் 15 தாள். கூட்டலில் பிழை வந்தால் மெமோ வரும். ஒரு பிள்ளையின் வழியை நின்று நிதானமாகப் படித்ததற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அந்தப் பயத்தில்தான் பலர் கீயை விட்டு நகர்வதில்லை. இதோடு, நான் போன மையங்கள் சிலவற்றில் பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் வராது. ஏப்ரல் வெயிலில், தண்ணீர் குடித்தால் போக இடமில்லையே என்று குடிக்காமலே உட்கார்ந்து திருத்தியிருக்கிறோம். கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர்கள் பட்ட பாடு தனி. எழுதிக் கொடுத்தோம், அடுத்த வருடமும் அதேதான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சண்டைக்குப் போகாதீர்கள். தாளை எடுத்துக்கொண்டு, பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் அப்படிப் போட்டான் என்று அவனே டீச்சரிடம் சொல்லட்டும். நல்ல டீச்சராக இருந்தால் கேட்டதும் பேனாவை எடுப்பார். மறுத்தால் தலைமையாசிரியரிடம் போகலாம். இப்போது மூன்று மார்க் போனால் பெரிதில்லை. ஆனால் "புக்குல இருக்கிறபடி மட்டும் போடு" என்று வீட்டிலும் சொல்லிவிடாதீர்கள், அவன் யோசிப்பதையே விட்டுவிடுவான். பொதுத் தேர்வில் மட்டும் வரிகளுக்கு நடுவே காரணத்தை ஒரு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். திருத்துகிறவருக்கும் அது உதவி.

பிளஸ் டூ வரும்போது இன்னும் கவனமாக இருங்கள். பொறியியல் கட்ஆஃபில் இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகும். கணக்கு மதிப்பெண் அப்படியே சேரும். குறைந்த மாதிரித் தெரிந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாணவருக்கு உண்டு என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நகலைக் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, எந்தக் கேள்வியில் எந்த வரிக்கு மார்க் விட்டுப்போனது என்று குறித்துக்கொண்ட பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள்.