ஸ்பாஞ்சில் ஊற்றிய தண்ணீர்

கேள்வி: திருவான்மியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். மருமகன் துபாயிலிருந்து 25 கியூபா சுருட்டுகளும், சுருட்டை ஈரப்பதம் மாறாமல் வைக்கும் ஹியூமிடார் என்ற மரப்பெட்டி ஒன்றும் வாங்கி வந்தார். கூடவே வந்த குறிப்பில் சொன்னபடி பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மூன்றே வாரத்தில் நாலைந்து சுருட்டில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. பற்றவைத்தால் அணைந்து அணைந்து போகிறது. இனிமேல் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள். சுருட்டுக்கு ஈரம் ஊட்டச் சொல்லும் குறிப்புகள் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடிக் காற்று வறண்டுபோகும் ஊர்க்காரர்களுக்கு எழுதியவை. உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தாலே காற்றில் 75, 80 சதவீத ஈரப்பதம் இருக்கும். சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 வரைதான். நம் ஊருக்கு 65-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன். வெளி ஈரம் உள்ளே வராமல் தடுப்பதுதான் இங்கே வேலை.

வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை. பழைய சுருட்டில் எண்ணெய் கசிந்து பூக்கும், அது நல்ல அறிகுறி என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். பஞ்சுபோலத் திட்டுத் திட்டாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். மேல் இலையில் மட்டும் இருந்தால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், உலர்ந்த மென்துணியால் துடைத்து, இரண்டு வாரம் தனி டப்பாவில் வைத்துக் கவனியுங்கள். பற்றவைக்கும் முனைக்குள் பூஞ்சை போயிருந்தால் விலையைப் பார்க்காமல் குப்பையில் போட வேண்டியதுதான். பெட்டியின் உட்புறத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, திறந்தபடியே சில நாள் காயவிடுங்கள்.

அணைந்து போவதற்கும் ஈரம்தான் காரணம். நனைந்த புகையிலை உப்பிப் புகை வரும் வழியை அடைத்துவிடும். சூடு ஏறும்போது இன்னும் உப்பி மேல் இலையை வெடிக்க வைக்கும்.

அந்த மரப்பெட்டி அழகுதான், கூடத்தில் வையுங்கள். சுருட்டை வைக்க, ரப்பர் விளிம்பும் நாலு பக்கக் கொக்கியும் உள்ள சாதாரண பிளாஸ்டிக் டப்பா போதும். சோப்பு போட்டுக் கழுவி, வாசனை போகும்வரை வெயிலில் வைத்து எடுங்கள். சுருட்டோடு வந்த மெல்லிய சீடர் மரத் தகடுகள் இருந்தால் அவற்றையும் உள்ளே போடலாம். இருபத்தைந்து சுருட்டுக்கு 60 கிராம் போவேடா பொட்டலம் ஒன்று, 65 சதவீதம் என்று அச்சிட்டது. அதனுள் இருக்கும் உப்புக் கரைசல் ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் உறிஞ்சும். பொட்டலம் நாளாக நாளாக உப்பிக்கொண்டே போனால் டப்பா மூடி சரியில்லை என்று அர்த்தம். வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் திறந்து மூடுங்கள். சுருட்டின் மேல் கண்ணாடித்தாள் உறை இருந்தால் கழற்ற வேண்டாம்.

உள்ளே வைக்கும் ஈரமானியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. சோடா மூடியில் சமையல் உப்பு போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் ஜிப் பையில் போட்டு ஒரு நாள் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் நாலைக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஈரத்தைவிடச் சூட்டைப் பார்த்துத்தான் பயம். புகையிலைக்குள் கண்ணுக்குத் தெரியாத வண்டு முட்டைகள் இருக்கலாம். 24, 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கும். மஞ்சள் கிழங்கிலும் மிளகாய் வற்றலிலும் துளை போடுகிற அதே செம்பழுப்பு வண்டுதான். குண்டூசி குத்தியது போன்ற ஓட்டை தெரிந்தால் பெட்டி முழுக்கப் பரவுவதற்கு முன் செயல்பட வேண்டும். இரட்டை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஒரு நாள் ஃபிரிட்ஜில், ஒரு வாரம் ஃப்ரீஸரில், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜில், கடைசியாக ஒரு நாள் வெளியே. அதுவரை பையைத் திறக்கக் கூடாது. வண்டே வராவிட்டாலும் சித்திரை வெயிலுக்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஃபிரிட்ஜுக்கு இவ்வளவுதான் வேலை. நிரந்தரமாக வைத்தால் சுருட்டு காய்ந்துபோகும், மீன் குழம்பு வாசனையையும் பிடித்துக்கொள்ளும். டப்பாவை ஏசி ஓடும் படுக்கையறையில், வெயில் படாத சுவரை ஒட்டிய பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். அங்கே பாச்சை உருண்டை இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். பரண் வேண்டவே வேண்டாம். திருச்சிச் சுருட்டும் வைத்திருந்தால் அதற்குத் தனி டப்பா, அதன் காரம் மற்றதில் ஏறிவிடும். ஆங்கிலத்துக்குச் ‘செரூட்’ என்ற சொல்லையே கொடுத்த நம் சுருட்டு இத்தனை சீராட்டு கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, பிடிப்பது எப்படி? முந்தின இரவே ஒன்றை எடுத்து ஏசி அறையில் வெறுமனே வையுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் இலைத் தொப்பியை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் வெட்டுங்கள். பெட்ரோல் லைட்டர் வேண்டாம். தீக்குச்சி போதும், மருந்து எரிந்து முடிந்த பிறகு காட்டுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, புகை வாயோடு நிற்கட்டும். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு, அது தெரிந்தே பிடியுங்கள். கடற்காற்று நேராக அடிக்கும் மாடியில் ஒரு பக்கமாகவே எரியும், தண்ணீர்த்தொட்டி மறைவில் உட்காருங்கள். பக்கத்தில் சர்க்கரை குறைத்த ஃபில்டர் காபி. இடையில் அணைந்தால் சாம்பலைத் தட்டி, ஒருமுறை வெளிப்பக்கமாக ஊதிவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். பாதியில் அணைத்ததை மட்டும் மறுநாளுக்கு என்று டப்பாவில் திருப்பி வைக்காதீர்கள், மற்ற எல்லாவற்றிலும் அந்தக் கரி நாற்றம் ஏறிவிடும்.