காந்த மெத்தையில படுத்தா மூளைக்கட்டி கரையுமா?

கேள்வி: டாக்டர், எங்களுக்கு கல்லிடைக்குறிச்சி. எங்க அண்ணாச்சிக்கு 51 வயசு, மூளையில கட்டி, கிளியோபிளாஸ்டோமான்னு சொன்னாவ. ஆபரேஷன், ரேடியேஷன் முடிஞ்சு இப்ப மாசத்துல 5 நாள் கீமோ மாத்திரையும், தினமும் ஃபிட்ஸ் மாத்திரையும் போடுதாரு. காந்தத்தை வச்சே கேன்சரை எரிக்காங்கன்னு ஒரு வீடியோ பாத்தோம். அதே முறைதான்னு சொல்லி ஒருத்தர் 85,000 ரூவாய்க்கு காந்த மெத்தை தாரேங்காரு, படுக்குற ஒரு மாசமும் மாத்திரை எதுவும் போடக்கூடாதாம். மைனி செயினை அடகு வைக்கக் கிளம்பிட்டாவ. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அதவிட முக்கியம், மாத்திரையை ஏற்கனவே நிறுத்திட்டாரான்னு இன்னைக்கே கேளுங்க. ஃபிட்ஸ் மாத்திரையை திடீர்னு விட்டா வலிப்பு விடாம வரலாம், உயிருக்கே ஆபத்து. கீமோ மாத்திரை விட்டுப்போயிருந்தா நீங்களா ரெண்டு நாளைக்குள்ளத சேத்துப் போட்டுறாதீய, பாக்குற டாக்டருக்கு உடனே ஃபோன் போடுங்க.

இப்ப வீடியோ விஷயம். அதுல சொன்னது பொய் இல்ல, ஆனா மெத்தைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை பாத்திரத்துல எவ்வளவு நேரம் வச்சாலும் பால் காயாது, அதே பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்புல கொதிக்குது, ஏன்னா அடுப்புக்குள்ள காந்தப்புலம் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறுது. சும்மா இருக்கிற காந்தம் சூடு பண்ணாது, மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலம்தான் பண்ணும் (வீடியோவுல காட்டுன ட்ரீட்மெண்ட்ல கட்டிக்குள்ள ஏத்துற இரும்புப் பொடி, அதான் நானோ துகள், சூடாகிற விதம் கொஞ்சம் வேற, அடிப்படை இதுதான்). அண்ணாச்சி எத்தனை தடவை எம்ஆர்ஐ எடுத்திருப்பாரு? அந்த மெஷின் பெரும்பாலும் 1.5 டெஸ்லா (காந்த பலத்தோட அளவு) காந்தம், மெத்தைக் காந்தம் தலைக்குள்ள எட்டுறதுக்குள்ள அதுல நூத்துல ஒரு பங்குகூட மிஞ்சாது. எம்ஆர்ஐக்கே கரையாத கட்டி இதுக்கா கரையும்?

உண்மையான ட்ரீட்மெண்ட்ல, மண்டையில சின்ன துளை போட்டு இரும்பு ஆக்ஸைடு துகள் கலந்த திரவத்தை நேரா கட்டிக்குள்ள ஊசியால ஏத்துவாங்க. ஒரு தலைமுடி தடிமன்ல ஆயிரக்கணக்குல அடுக்கலாம், அவ்வளவு பொடி. அப்புறம் செகண்டுக்கு ஒரு லட்சம் தடவை மாறுற காந்தப்புலத்துல படுக்க வச்சா துகள் சூடாகி கட்டியை 43 டிகிரி செல்சியஸ் பக்கம் கொண்டு போகும், அந்தச் சூட்டுல கேன்சர் செல் தளர்ந்து ரேடியேஷனுக்கு சீக்கிரம் மடங்கும். இந்த யோசனை 1957லயே வந்தது. 2010ல ஜெர்மனி பெர்லின் கம்பெனி ஒண்ணுக்கு மூளைக்கட்டிக்கு ஐரோப்பாவுல அனுமதி கிடைச்சுது, 2011ல கட்டி திரும்ப வந்த 59 பேரோட முடிவு வெளிவந்துது, நம்பிக்கை தந்த முடிவுதான், ஆனா ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப் அதுல இல்ல, அதனால எவ்வளவு பலன்னு அடிச்சுச் சொல்ல முடியல. 2022ல அந்தக் கம்பெனியே திவாலாயிட்டு.

சிக்கலும் உண்டு. இரும்பு தலையிலயே தங்கிரும், எம்ஆர்ஐ எடுத்தா அந்த இடம் கருப்பா மறைச்சிரும், கட்டி திரும்ப வருதான்னு பாக்கவே எம்ஆர்ஐதான் நமக்கு கண்ணு, யோசிச்சுப் பாருங்க. பல்லுல உலோக அடைப்பு இருந்தா எடுக்கணும், பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு ஆகாது. சரி, கையில ஊசி போட்டு ரத்தத்துல விடலாமேன்னா, முக்கால்வாசி ஈரலும் மண்ணீரலும் பிடிச்சுக்கிடும், கட்டிக்குப் போய்ச் சேருறது ரொம்பக் கொஞ்சம். ஆராய்ச்சி அங்கதான் திணறுது.

இன்னொண்ணு, மூளைத் தண்ணியை வடிக்க அண்ணாச்சிக்கு ஷன்ட் டியூப் வச்சிருக்கான்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல பாருங்க. சில ஷன்ட்ல வால்வு செட்டிங்கை காந்தமே மாத்திரலாம், அந்த மெத்தையில தலை வச்சுப் படுத்தாலே ஆபத்து.

உங்க தவிப்பு எனக்குப் புரியுது, இந்த வியாதிக்கு முழு குணம்னு இன்னும் யாராலயும் சொல்ல முடியல, அதனாலதான் மனசு எதையாவது பிடிக்கப் பாக்குது. இன்னொரு டாக்டர்ட்டயும் கேட்டாத்தான் மனசு ஆறும்னா பயாப்சி ரிப்போர்ட், எம்ஆர்ஐ ஃபிலிம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வாங்க, இல்ல அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போங்க, புது மருந்து ட்ரையல் ஏதும் நடக்குதான்னு அங்கயே கேளுங்க, உண்மையான ட்ரையல்ல சோதனை மருந்துக்கு உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா மறக்காம கொண்டு போங்க. மைனிகிட்ட செயினை கழுத்துலயே போட்டுக்கிடச் சொல்லுங்க.