வீட்டில் கிடக்கும் பொருட்களை வைத்தே லேப்டாப் ஸ்டாண்ட் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். நல்ல கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்று, கத்தி, அளவுகோல், வெள்ளைப் பசை இவை போதும். நான் தினமும் வேலை செய்வதே அட்டையில் செய்த ஸ்டாண்டில்தான்.

ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு அதன் கீபோர்டிலேயே தட்டச்சு செய்யப் போகிறீர்களா, தனி கீபோர்டும் மவுஸும் இருக்கின்றனவா? எந்தப் பொருளில் செய்கிறோம் என்பதைவிட இதுதான் முக்கியம். ஏனென்றால் உயரத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் வரும் சிக்கல் இது. திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கீபோர்டும் கூடவே ஏறி, தோளைத் தூக்கி மணிக்கட்டை மடக்க வைக்கும். கைக்கு வசதியாகக் கீழே வைத்தால் கழுத்து குனியும். பெரியவர்களின் தலை 4.5 முதல் 5 கிலோ வரை எடை இருக்கும். அது முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசைகள்தான் அதை மணிக்கணக்கில் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தனி கீபோர்டு இல்லையென்றால் உயரமான ஸ்டாண்ட் செய்யாதீர்கள். பின்பக்கம் மட்டும் 4, 5 செ.மீ. உயரும்படி ஒரு சாய்வு கொடுத்தால் போதும். காற்றோட்டம் நன்றாக இருக்கும், திரையும் கொஞ்சம் மேலே வரும். அதற்கு மேல் ஏற்றினால் கழுத்து வலி மணிக்கட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

தனி கீபோர்டு இருந்தால், நிமிர்ந்து உட்கார்ந்து லேப்டாப்புக்கு அடியில் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வந்ததும் நிறுத்தி, அந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பலருக்கு இது 15 செ.மீ. பக்கம் வரும். புத்தக அடுக்கையே ஸ்டாண்டாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் பல லேப்டாப்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் காற்றை உள்ளே இழுக்கின்றன, புத்தகத்தின் தட்டையான மேற்புறம் அந்தத் துளைகளை மூடிவிடும். அளவு பார்க்க மட்டும் புத்தகம் போதும்.

இனி அட்டை. வெட்டிய விளிம்பைப் பார்த்தால் இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு நெளிவு தெரியும். எடையைத் தாங்குவது அந்த நெளிவுதான், அதுவும் நின்றவாக்கில் இருக்கும்போது மட்டும். அதே அட்டையைத் திருப்பி, நெளிவு படுத்தவாக்கில் வரும்படி வெட்டினால் சுலபமாக நசுங்கிவிடும். அட்டை ஸ்டாண்ட் வளைந்துவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான்.

பக்கப் பலகை இரண்டு, குறுக்குப் பலகை இரண்டு வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு அடுக்கு அட்டையை ஒட்டிச் செய்யுங்கள். பசையை மெல்லியதாகத் தேய்க்க வேண்டும், அதிகமானால் அதிலிருக்கும் ஈரத்தில் அட்டை ஊறி வளையும். ஒட்டிய பிறகு மேலே பாரம் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காய்வதற்குள் வெட்டினால் அடுக்குகள் நழுவும்.

தனி கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கான அளவுகள் இவை. பக்கப் பலகையின் அடிநீளம் 26 செ.மீ. அதில் முன்னால் இருக்கும் 2 செ.மீ. முன்தடுப்பு, அதன் உயரம் 13.5 செ.மீ. அதை ஒட்டிச் சாய்வு 12 செ.மீ. உயரத்தில் தொடங்கி, பின்னால் 18 செ.மீ.யில் முடியட்டும். இது சுமார் 14 டிகிரி சாய்வு. நீங்கள் அளந்த உயரம் 15 செ.மீ. இல்லாமல் வேறாக இருந்தால் இந்த மூன்று உயரங்களையும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். அந்த ஒன்றரை செ.மீ. தடுப்புதான் லேப்டாப் முன்னால் வழுக்கி விழாமல் காப்பது, அதைச் சிறிதாக்காதீர்கள்.

குறுக்குப் பலகைகள் 28 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். பக்கப் பலகையில் கீழிருந்து மேலாக 5 செ.மீ. வெட்டும், குறுக்குப் பலகையில் மேலிருந்து கீழாக 5 செ.மீ. வெட்டும் போட்டு ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகுங்கள். இப்படிச் செய்தால் லேப்டாப்பின் எடையே பொருத்தை இறுக்கும். வெட்டின் அகலம் அட்டையின் தடிமனைவிட ஒரு மயிரிழை குறைவாகவே இருக்கட்டும், தளர்வாக இருந்தால் ஸ்டாண்ட் பக்கவாட்டில் ஆடும். சொருகும் இடத்தைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். கழற்றினால் தட்டையாகிப் பைக்குள் போய்விடும், அட்டை ஸ்டாண்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

பக்கப் பலகைகளுக்கு இடையே 22 செ.மீ. அளவுக்கு இடைவெளி விடுங்கள். ஆனால் முதலில் லேப்டாப்பைக் கவிழ்த்துக் காற்றுத் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றின் மேல் பலகை படாதபடி இதை மாற்றிக்கொள்ளுங்கள். சாய்வான விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய பட்டையை ஒட்டினால் பிடிமானம் நன்றாக இருக்கும். அகலமான ரப்பர் பேண்டுகூடப் போதும்.

அட்டை சூட்டில் தீப்பிடிக்குமா என்ற பயம் சிலருக்கு உண்டு. காகிதம் பற்றிக்கொள்ள 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், லேப்டாப்பின் அடிப்பக்கம் அதன் பக்கத்தில்கூட வராது. அட்டைக்கு உண்மையான எதிரி தண்ணீர். கீழ் விளிம்புகளுக்குச் செல்லோ டேப் சுற்றிவிடுங்கள்.

லேப்டாப்பை ஏற்றும் முன் அதைவிடக் கூடுதல் எடையில் புத்தகங்களை வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அப்புறம் திரையை முழுதாகத் திறந்து, பின்பக்கமாக மெல்ல அழுத்துங்கள். திரையைப் பின்னால் சாய்க்கும்போது எடையும் பின்னால் நகரும். ஸ்டாண்டின் முன்பக்கம் மேசையிலிருந்து எழும்பினால் அடிநீளத்தைப் பின்பக்கம் 3 செ.மீ. கூட்டுங்கள்.

பைஃபோகல் (தூரத்துக்கு மேல்பகுதி, கிட்டத்துக்குக் கீழ்ப்பகுதி என இரண்டு பவர் உள்ள) கண்ணாடி அணிபவர்கள் மட்டும் மேலே சொன்ன உயரத்தைவிடச் சில செ.மீ. குறைத்துச் செய்யுங்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்ப்பதால், உயரமான திரை உங்களைத் தலையை அண்ணாந்து பார்க்க வைக்கும், கழுத்து அப்போதும் வலிக்கும்.