விரலுக்கு முன்னே செவி: க்ளாரா ஷூமன் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். மேடையில் நிலைக்க முடியாதவர்கள்தாம் ஆசிரியர் ஆகிறார்கள் என்று உறவினர் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இரண்டையும் உயர்ந்த நிலையில் செய்து காட்டியவர் யாராவது உண்டா?
*– வாசகி, நாகர்கோவில்*

பதில்: உண்டு. அந்தச் சொல் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது புரிகிறது. ஆகவே முதலில் க்ளாரா ஷூமனைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1819 செப்டம்பர் 13 அன்று பிறந்த க்ளாரா, ஒன்பது வயதில் 1828இல் அந்நகரின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் முதன்முதலாக வாசித்தார். 1891இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கடைசியாக மேடை ஏறினார். இடையில் உள்ளவை அறுபது ஆண்டுகளுக்கும் மேல். ஃபிராங்க்ஃபர்ட்டில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹோக் இசைக்கல்லூரி 1878இல் அவரைப் பியானோ ஆசிரியராக அழைத்தபோது, மேடை வாழ்வில் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்துகொண்டிருந்த அவர், ஐரோப்பா முழுவதும் அரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்தார். மேடை கைவிட்டதால் அவர் ஆசிரியர் ஆகவில்லை. பாடங்களைத் தம் வீட்டிலேயே நடத்துவேன், நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கற்பிப்பேன், குளிர்காலத்தில் கச்சேரிப் பயணம் செல்ல உரிமை வேண்டும் என்று அவர் விதித்த நிபந்தனைகளைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. 1892 வரை அங்கே கற்பித்தார்.

உங்களைப் போலவே அவரும் வீட்டில்தான் சொல்லிக்கொடுத்தார் என்பதை உறவினரிடம் தயங்காமல் சொல்லலாம்.

கேள்வி: எட்டுக் குழந்தைகளைப் பெற்றவர், கணவரோ நோயாளி என்று படித்தேன். சாதகம் செய்ய அவருக்கு எப்போது நேரம் கிடைத்தது?
*– வாசகர், திருச்சி*

பதில்: பல நாட்களில் கிடைக்கவில்லை என்பதே உண்மை. தந்தை ஃப்ரீட்ரிக் வீக்கின் கடும் எதிர்ப்பை நீதிமன்றம் வரை சென்று வென்று, 1840இல், இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனை மணந்தார். ராபர்ட் இசையமைக்கும் நேரத்தில் வீட்டில் பியானோ ஒலிக்கக் கூடாது. தம் வாசிப்பு பின்தங்குகிறது என்று இருவரும் சேர்ந்து எழுதிய நாட்குறிப்பிலேயே க்ளாரா வருந்தியிருக்கிறார். ஆனால் ராபர்ட் விரல் பழுதாகி மேடையைக் கைவிட்டவர். அவர் எழுதியதை உலகுக்கு எடுத்துச் சென்ற கைகள் க்ளாராவுடையவை.

1854 பிப்ரவரியில் மனநோய் முற்றி ராபர்ட் ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்டு, பான் நகருக்கு அருகே என்டெனிக்கில் இருந்த மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அப்போது க்ளாரா கருவுற்றிருந்தார். ஜூனில் கடைசிக் குழந்தை பிறந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே கச்சேரிப் பயணம் கிளம்பிவிட்டார். கணவரைப் பார்க்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1856 ஜூலையில் பார்த்தார். இரண்டு நாளில் ராபர்ட் இறந்தார். அதன்பின் பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் அவருடைய பத்து விரல்களை நம்பியே இருந்தன. 1873 முதல் கைவலியால் ஓராண்டுக்கும் மேல் மேடை ஏற முடியாமல் போனபோது அவர் பட்ட அச்சத்துக்கு இதுவே காரணம். எட்டுப் பிள்ளைகளில் நால்வரின் மரணத்தை அவர் தம் வாழ்நாளிலேயே பார்க்க நேர்ந்தது.

ஓர் இழப்பையும் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் தாமே இயற்றிய பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இசையமைப்பாளர் மெண்டல்சன் நடத்திய இசைக்குழுவுடன் அரங்கேற்றியவர், கணவரின் மறைவுக்குப் பிறகு இயற்றுவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். அதை அவருடைய தியாகம் என்று போற்றிப் பேசுபவர்கள் உண்டு. என்னால் அப்படிப் பேச இயலவில்லை.

கேள்வி: அவர் எப்படிக் கற்பித்தார்? இன்றைய ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா?
*– பியானோ ஆசிரியை, கோயம்புத்தூர்*

பதில்: அவர் எப்படிக் கற்றார் என்பதிலிருந்து தொடங்குவதே சரி. க்ளாரா நான்கு வயது தாண்டும் வரை சரியாகப் பேசவில்லை. காது கேட்கவில்லையோ என்றுகூடச் சந்தேகித்தார்கள். அந்தக் குழந்தைக்குத் தந்தை வீக் முதலில் இசைத்தாளைக் காட்டவில்லை. சிறு சிறு மெட்டுகளைக் காதால் கேட்டு, கட்டைகளில் விரலால் தேடி வாசிக்கப் பழக்கினார். எழுத்து பின்னால் வந்தது. வீக் மகளிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டவர். பிற்காலத்தில் அவளுக்கே எதிரியாக நின்றவர். இருந்தாலும், நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் பயிற்சி, பிறகு வெளிக்காற்றில் நீண்ட நடை, அதோடு பாட்டும் வயலினும் இசை இலக்கணமும் என்று அவர் வகுத்த முறையில், விரலை வருத்தாமல் செவியைக் கூர்மையாக்கும் அறிவு இருந்தது.

பியானோவின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கட்டையை அழுத்தியதும் கம்பளி பொதிந்த சுத்தியல் ஒன்று எழும்புகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே அது விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. எழுந்துவிட்ட ஒலியை வயலினில் போல வளர்க்கவோ வளைக்கவோ வழியில்லை. எனவே கட்டை இறங்கும் அந்தக் கணத்திலேயே எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. எந்த ஒலி வேண்டும் என்பதைச் செவி முன்கூட்டியே அறிந்திருந்தால்தான் விரல் அதைத் தரும். க்ளாராவின் மாணவர்கள் பலரும் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: கட்டையை ஓங்கி அடிக்கக் கூடாது, விரலைக் கட்டைக்கு அருகிலேயே வைத்து, மணிக்கட்டைத் தளர்த்தி, அழுத்தி எடுக்க வேண்டும். வேகமான சுரக்கோவைகளை யாராவது படபடவென்று ஓட்டிக் காட்டினால் அவரால் பொறுக்க முடியாது. அவற்றுள் ஒவ்வொரு சுரமும் பாட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

இரண்டாவதாக, எழுதியவருக்கு உண்மையாக இருத்தல். பீத்தோவனின் அப்பாஷனாட்டா சொனாட்டாவை (தனிப் பியானோவுக்கான நீண்ட படைப்பு) 1837இல் பெர்லினில் இசைத்தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசித்தவர் அவர். அக்காலத்தில் அதைத் திமிர் என்று கண்டித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் மனப்பாடம் ஆனபின்பும் தாளில் உள்ள ஒரு சிறு குறியைக்கூட மாணவர்கள் தவறவிட அவர் அனுமதிக்கவில்லை. ராபர்ட்டின் படைப்புகள் முழுவதையும் 1881 முதல் பதிப்பித்து வெளியிட்டதும், பியானோ ஆசிரியர் செர்னியின் விரல் பயிற்சிகளை மாணவர்களுக்காகத் தொகுத்ததும் இந்த அக்கறையின் தொடர்ச்சிதான். புதிதாக வருபவர்களைப் பெரும்பாலும் மகள்கள் மரீயும் யூகெனியும் முதலில் தயார் செய்வார்கள். பிறகே அம்மாவிடம் அனுப்புவார்கள்.

உங்கள் வகுப்புக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், பிள்ளைக்குத் தெரிந்த ஒரு பாட்டை அதுவே கட்டைகளில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். தப்புக் கட்டையை அமுக்கி, முகம் சுளித்து, அடுத்ததைத் தொட்டுப் பார்க்கும் அந்த நேரத்தில் நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள்.

கேள்வி: க்ளாராவின் வாசிப்பை இன்று கேட்க முடியுமா?
*– கல்லூரி மாணவர், மதுரை*

பதில்: முடியாது. அவர் 1896 மே 20 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் காலமானார். அவருடைய வாசிப்பு எதுவும் ஒலிப்பதிவாக நமக்குக் கிடைக்கவில்லை. 1300க்கும் மேற்பட்ட கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரல் தாள்களைத் தாமே சேர்த்து வைத்துவிட்டுப் போனார். எந்த ஊரில் எதை வாசித்தார் என்று அவற்றில் படிக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் அவருடைய மாணவியர் சிலர் இசைத்தட்டு யுகம் வரை இருந்தார்கள். அடெலினா டி லாரா 1950களில், எண்பது வயதை ஒட்டிய காலத்தில் வாசித்துப் பதிவு செய்தார். ஃபேனி டேவிஸ் 1928இல் ராபர்ட்டின் பியானோ கான்செர்ட்டோவைப் பதிவு செய்தார். 1845 டிசம்பரில் டிரெஸ்டன் நகரில் அதே படைப்பை முதன்முதலாக மேடையில் வாசித்தவர் க்ளாரா. ஃபேனி டேவிஸின் பதிவு இணையத்தில் தேடினால் கிடைக்கும். பழைய தட்டின் இரைச்சலுக்குக் காது பழகச் சற்று நேரம் ஆகும். கான்செர்ட்டோவின் நடுப்பகுதியிலிருந்து தொடங்குங்கள், அங்கே பியானோவும் தந்திக் கருவிகளும் சிறு சிறு சொற்களாக ஒன்றையொன்று கேட்டு மறுமொழி சொல்லிக்கொள்ளும்.