பூட் ஆகாத பலகை எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஆர்ம் செயலி கொண்ட சிறு பலகைக் கணினிகளையும் டிவி பாக்ஸ்களையும் பற்றியவை என்பதால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் “இமேஜைப் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன்” என்ற வரி இருக்கிறது. அதே இமேஜை, அதாவது கார்டில் எழுதும் இயங்குதளத்தின் முழு நகலை, மறுபடியும் எழுதுவதற்கு முன்னால், பலகை எந்தக் கட்டம் வரை வந்து நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதற்கான வழிகளே.

கேள்வி: ஆண்ட்ராய்டுடன் வந்த டிவி பாக்ஸ் ஒன்றில் லினக்ஸ் ஏற்ற விரும்புகிறேன். பெட்டியின் மேல் அம்லாஜிக் எஸ்905எக்ஸ் சிப் என்றும் 4 ஜிபி ரேம் என்றும் அச்சிட்டிருக்கிறது. ஆர்ம் பலகைகளுக்கான ஆர்ம்பியன் லினக்ஸ் இமேஜை எஸ்டி கார்டில் எழுதிச் செருகினால் சில நேரம் ஆண்ட்ராய்டே வருகிறது, சில நேரம் லோகோவோடு நின்றுவிடுகிறது. மேசைக் கணினியில் ஒரே இமேஜ் எல்லா இயந்திரத்திலும் ஓடும்போது, இங்கே மட்டும் ஏன் இந்தச் சிக்கல்?

பதில்: மேசைக் கணினியில் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ என்ற தொடக்க நிரல் முதலில் எழுந்து, எந்தெந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்பதை இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குச் சொல்லிவிடுகிறது, பிசிஐ வழியாக இணைந்த கருவிகளோ கேட்டால் தம்மைத் தாமே அடையாளம் காட்டும். ஆர்ம் சிப்புக்குள் இருக்கும் பகுதிகளுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நினைவக முகவரியில் மௌனமாக இருக்கும். இன்ன முகவரியில் ஈதர்நெட், இன்ன பின்னில் எல்இடி, இத்தனை வோல்டில் எஸ்டி கார்டு என்று யாராவது கர்னலுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கும் கோப்புதான் டிவைஸ் ட்ரீ. முன்பெல்லாம் இந்த விவரங்கள் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாகக் கர்னலின் மூல நிரலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டு வந்தன. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் குவியலைக் கடுமையாகக் கண்டித்த பிறகு, டிவைஸ் ட்ரீ முறைக்கு மாறும் வேலை வேகமெடுத்தது.

உங்கள் பெட்டியில் நடப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு வருகிறது என்றால், பெட்டி உங்கள் எஸ்டி கார்டைப் பார்க்கவே இல்லை என்று பொருள். அம்லாஜிக் சிப்புகள் பொதுவாக உள்ளே பொருத்தியிருக்கும் இஎம்எம்சி நினைவகத்தை முதலில் பார்க்கும். அங்கே தயாரிப்பாளர் வைத்த யூ-பூட், அதாவது கர்னலை ஏற்றும் தொடக்க நிரல், ஓடத் தொடங்கிவிடும். அந்த யூ-பூட்டை எஸ்டி கார்டின் பக்கம் திருப்புவதற்காகவே, ஏவி துளைக்குள் ஒளிந்திருக்கும் சிறு பொத்தானைப் பல் குச்சியால் அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுக்கச் சொல்கிறார்கள். பொத்தான் உள்ளே அமுங்குவதை விரலால் உணர முடியும். உணரவில்லை என்றால் உங்கள் பெட்டியில் அது வேறு இடத்தில் இருக்கலாம். பொத்தான் அழுத்தப்பட்டிருப்பதைக் கண்டால் யூ-பூட் கார்டில் உள்ள ஒரு தொடக்கக் கட்டளைக் கோப்பை ஓட்டும். அது தேடும் வரிசையை மாற்றிச் சேமித்துவிடுவதால், வழக்கமாக ஒருமுறை செய்தாலே போதும்.

லோகோவோடு நிற்பது இதற்கு அடுத்த கட்டம். யூ-பூட் கார்டைப் பார்த்திருக்கிறது. ஆனால் கர்னலோ டிவைஸ் ட்ரீயோ பொருந்தவில்லை. கார்டின் பூட் பகுதியில் எக்ஸ்ட்லினக்ஸ் என்ற கோப்புறைக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்தால், எஃப்டிடி என்று தொடங்கும் வரி டிவைஸ் ட்ரீ கோப்பின் பெயரைச் சொல்லும். எஸ்905எக்ஸ் பெட்டிகளுக்குப் பி212 என்று முடியும் கோப்பில் தொடங்கிப் பாருங்கள். அது அந்தச் சிப்புக்கான மாதிரிப் பலகையின் பெயர், பல பெட்டிகள் அதையொட்டியே செய்யப்பட்டவை. சில இமேஜ்களில், உங்கள் சிப் குடும்பத்துக்கான யூ-பூட் கோப்பை யூ-பூட்.எக்ஸ்ட் என்ற பெயரில் நகலெடுத்து வைக்கவும் வேண்டும். இந்தப் படியைத் தவறவிடுகிறவர்கள் மிகப் பலர்.

இதற்கெல்லாம் முன்னால், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பாமல் நான்கு திருகுகளைக் கழற்றி, வெப்பத்தகட்டுக்குக் கீழே சிப்பின் மேலுள்ள எழுத்துகளைப் படித்துவிடுங்கள். வெளியே ஒரு சிப்பின் பெயரும் உள்ளே வேறொரு சிப்பும் இருப்பது இந்தப் பெட்டிகளில் சர்வ சாதாரணம். ராக்சிப் ஆர்கே3229 என்று தெரிந்தால், அது கார்டெக்ஸ்-ஏ7 கருக்களைக் கொண்ட 32 பிட் சிப். 64 பிட் இமேஜை ஆயிரம் முறை எழுதினாலும் அதில் ஓடாது. ரேம் அளவும் அப்படித்தான். ஆண்ட்ராய்டின் அமைப்புப் பக்கத்தில் 4 ஜிபி என்று காட்டும்படி மாற்றி வைக்கப்பட்ட பெட்டிகள் உண்டு. லினக்ஸ் ஓடத் தொடங்கியதும் ஃப்ரீ என்ற கட்டளை உண்மை அளவைச் சொல்லிவிடும். அது குறைவாகக் காட்டினால் லினக்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: எஸ்டி கார்டிலிருந்து எல்லாம் சரியாக ஓடி, இஎம்எம்சி முழுவதையும் டிடி கட்டளையால் நகலெடுத்து வெளியே வைக்கும் வரை, இஎம்எம்சியில் எதையும் எழுதாதீர்கள். உங்கள் பெட்டிக்கே உரிய யூ-பூட்டும், ரேமைத் தொடங்கி வைக்கும் அமைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. தயாரிப்பாளரிடமிருந்து அவை பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: எச்டிஎம்ஐ திரையில் எதுவுமே வரவில்லை. சீரியல் கேபிள் இணைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இணைத்தால் பொருளற்ற குறிகளாகக் கொட்டுகிறது. பலகை கெட்டுவிட்டதா?

பதில்: கொட்டுகிறது என்பதே நல்ல செய்தி, பலகை உயிரோடிருக்கிறது. பலகை தன் தொடக்கச் செய்திகளை எழுத்தாக அனுப்பும் வழிதான் சீரியல்; இரு பக்கமும் ஒரே வேகத்தில் இருந்தால்தான் அவை தெளியும். ராக்சிப் பலகைகள் பெரும்பாலும் 15,00,000 பாட் (நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவு) வேகத்தில் பேசும். அம்லாஜிக், ஆல்வின்னர், ராஸ்பெர்ரி பை ஆகியவை 1,15,200இல் பேசும். வேகத்தை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் தெளியவில்லை என்றால் உங்கள் யுஎஸ்பி–சீரியல் மாற்றியின் சிப்பைக் கவனியுங்கள்: சிபி2102 சிப்பின் உச்ச வேகம் 10 லட்சம் பாட்தான் என்பதால், ராக்சிப்புக்கு அது உதவாது. சிஎச்340, எஃப்டி232 ஆகியவை அந்த வேகத்தை எட்டும்.

டிவி பாக்ஸில் இணைப்பான் இருக்காது; பலகையின் ஓரத்தில் மூன்று அல்லது நான்கு ஈயப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து, ஒரு முனையை யுஎஸ்பி துளையின் உலோக உறையில் தொட்டுக்கொண்டு தேடினால், ஒலி எழுப்பும் புள்ளி கிரவுண்ட். பிறகு மின்சாரம் கொடுத்து மற்றவற்றின் வோல்டேஜை அளந்தால், 3.3 வோல்டுக்கு அருகில் நின்று, பூட் ஆகும் சில நொடிகள் மட்டும் சற்றே இறங்கித் துடிக்கும் புள்ளிதான் டிஎக்ஸ், அதாவது பலகை செய்தி அனுப்பும் முனை. அது 1.8 வோல்டு காட்டினால் அதற்கேற்ற மாற்றியே வேண்டும். டிஎக்ஸை மாற்றியின் ஆர்எக்ஸோடும் (செய்தி பெறும் முனை), ஆர்எக்ஸை டிஎக்ஸோடும், கிரவுண்டைக் கிரவுண்டோடும் இணையுங்கள். மின்வழங்கல் கம்பியை இணைக்கவே வேண்டாம்.

அதன் பிறகு திரையில் ஓடும் வரிகளே இடத்தைச் சொல்லிவிடும். ஒன்றுமே வரவில்லை என்றால் தொடக்க நிரலே ஏற்றப்படவில்லை. ரேம் பற்றிய வரிகளோடு நின்றால், அந்தப் பலகைக்குரிய யூ-பூட் அல்ல. “ஸ்டார்ட்டிங் கர்னல்” என்ற வரிக்குப் பின் மௌனம் என்றால் டிவைஸ் ட்ரீயையோ கன்சோல் அமைப்பையோ சந்தேகியுங்கள். ரூட் பகுதிக்காக (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் பகுதி) காத்திருக்கிறேன் என்று நின்றால், அந்தப் பகுதியின் அடையாளக் குறியான யுயுஐடி தவறு, அல்லது கார்டைப் படிக்கும் இயக்கி எழவில்லை. எம்எம்சி வரியில் மைனஸ் 110 என்ற பிழை எண் வந்தால், அது காலக்கெடு முடிந்துவிட்டது என்பதைக் குறிக்கும்: கார்டு பதில் சொல்லவில்லை. வேறு கார்டைப் போட்டுப் பாருங்கள். சிறு பலகைகளோடு தொடர்ந்து பழகப் போகிறவர், பெட்டிகளையும் கவர்ச்சியான உறைகளையும் வாங்கும் முன் இந்த ஒரு கேபிளை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4இல் யுஎஸ்பி எஸ்எஸ்டியை இணைத்ததும், கோப்புகளை நகலெடுக்கும்போது திடீரென்று மறுதொடக்கம் ஆகிறது, அல்லது எஸ்எஸ்டி காணாமல் போகிறது. சார்ஜரில் 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே?

பதில்: சார்ஜரில் எழுதியிருப்பது ஒன்று, பலகைக்கு வந்து சேருவது வேறு. இடையிலுள்ள கேபிளில் மின்சாரம் போய்வரும் இரு கம்பிகளின் மொத்த மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்டு கேபிளிலேயே கரைந்து, 5 வோல்டு 4.6 ஆகிவிடுகிறது. ராஸ்பெர்ரி பை 4.63 வோல்டுக்குக் கீழே போனாலே குறைமின்னழுத்த எச்சரிக்கை கொடுக்கும். மேலும், பை 4இன் எல்லா யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் வரம்பு. பை 5இல் 5 ஆம்பியர் தரும் வழங்கியைக் கண்டால் 1.6 ஆம்பியர் வரை அனுமதிக்கும், இல்லையென்றால் 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும்.

விசிஜென்சிஎம்டி கட்டளையில் கெட்_த்ராட்டில்டு என்று கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் வந்தால் குறையில்லை. 50005 என்று முடிந்தால், மின்னழுத்தம் இப்போதும் குறைவு, செயலியின் வேகமும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 50000 என்றால் இந்த நொடியில் சரி, ஆனால் பலகை எழுந்த பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது. மற்றப் பலகைகளில் இந்தக் கட்டளை இல்லை. 40 பின் தலைப்பு இருந்து, அதன் அடுக்கு ராஸ்பெர்ரி பையைப் போலவே இருந்தால், 2ஆம் பின்னுக்கும் 6ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, கோப்பு நகலெடுக்கும் வேளையில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது அளப்பதில் பயனில்லை. குறை மின்சாரத்தில் என்று உறுதியானால், தடித்த குட்டையான கேபிள், அல்லது எஸ்எஸ்டிக்குத் தனி மின்சாரம் கொடுக்கும் யுஎஸ்பி ஹப், இரண்டில் ஒன்று தீர்த்துவிடும்.

மின்சாரம் சரியாக இருந்தும் எஸ்எஸ்டி மறைகிறது, கர்னல் செய்திகளில் யுஏஎஸ் என்று தொடங்கும் அபார்ட் வரிகள் தொடர்ந்து வருகின்றன என்றால், உறைக்குள் இருக்கும் யுஎஸ்பி–சாட்டா மாற்றிச் சிப் யுஏஎஸ் என்ற வேகமான தரவு நெறிமுறையைச் சரியாகக் கையாளவில்லை என்று கொள்ளலாம். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் இரு அடையாள எண்களையும் கர்னலின் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவிர்க்ஸ் (விதிவிலக்குகள்) அமைப்பில் எழுதி, இறுதியில் யு என்ற சிறிய ஆங்கில எழுத்தைச் சேர்த்தால், கர்னல் அந்தக் கருவிக்கு மட்டும் பழைய முறைக்குத் திரும்பும். வேகம் ஓரளவு குறையும், தரவு பிழைக்கும். எஸ்எஸ்டி செருகியதும் வைஃபை மட்டும் தடுமாறுகிறது என்று எழுதியிருந்த வாசகருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: யுஎஸ்பி 3 இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆவணத்தில் விளக்கியிருக்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது எஸ்எஸ்டியைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: சில வாரங்களுக்கு ஒருமுறை கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடுகிறது. காரணத்தைப் பார்க்கலாம் என்று மறுதொடக்கம் செய்தால் பதிவுகளில் ஒன்றுமே இல்லை.

பதில்: பிழையைக் கண்டதும் மேலும் சேதம் ஆகாமலிருக்க எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. பதிவுகள் இல்லாததற்குக் காரணம், ஆர்ம்பியன் போன்றவை கார்டின் ஆயுளைக் காக்கப் பதிவுகளை ரேமில் வைத்து, அவ்வப்போதும் முறையாக அணைக்கும்போதும் மட்டுமே கார்டில் எழுதுகின்றன என்பதுதான். ஆகவே பூட்டிக்கொண்ட நிலையிலேயே, அணைப்பதற்கு முன், கர்னல் செய்திகளைப் படியுங்கள். பிறகு எஃப்3 கருவியால் கார்டைச் சோதியுங்கள். சொன்ன கொள்ளளவு இல்லாத போலிக் கார்டுகளை அது காட்டிக்கொடுக்கும். சோதனை கார்டு முழுவதிலும் எழுதும் என்பதால் தரவை முதலில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புதிய பலகையில் அப்டேட் செய்யப் போனால், சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்கிறது.

பதில்: பலகையின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எழும், பிறகு இணையத்தில் நேரம் தரும் என்டிபி வழியாகத் திருத்திக்கொள்ளும். தளப் பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ்ஸை, சான்றிதழைச் சரிபார்க்கும் டிஎல்எஸ் வழியாக அனுப்பும்படி அமைத்திருந்தால், நேரம் தவறாக இருப்பதால் பெயர் கிடைக்காது, பெயர் கிடைக்காததால் நேரம் திருந்தாது. என்டிபி சேவையகத்தை ஐபி முகவரியாகக் கொடுத்து அந்தச் சுழலை உடைக்கலாம். இணையம் இல்லாத இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் டிஎஸ்3231 கடிகாரத் துணைப்பலகையைப் பொருத்திவிடுங்கள்.

கேள்வி: மேம்படுத்திய பிறகு டிவி பாக்ஸில் வைஃபை போய்விட்டது. வீடியோவும் தடுமாறுகிறது, பான்ஃப்ராஸ்ட் இயக்கி ஓடுவதாகத்தான் காட்டுகிறது.

பதில்: இவை தொடர்பற்ற இரண்டு சிக்கல்கள். மேம்படுத்தலில் கர்னலும் டிவைஸ் ட்ரீயும் சேர்ந்தே மாறியிருக்கும். மலிவான பெட்டிகளின் வைஃபை சிப்புகள் பலவற்றுக்குக் கர்னலின் மூல நிரலில் இயக்கி இல்லை, வெளியே தனியாகச் சேர்த்ததுதான் ஓடிக்கொண்டிருந்தது, அது புதிய கர்னலோடு பொருந்தவில்லை. முந்தைய கர்னல் தொகுப்பையும் அதனுடன் வரும் டிவைஸ் ட்ரீ தொகுப்பையும் ஒருசேரத் திரும்ப நிறுவி, ஏபிடி-மார்க் ஹோல்டு கட்டளையால் இரண்டையும் நிறுத்தி வையுங்கள். ஒன்றை மட்டும் பின்னோக்கி மாற்றினால் புதுச் சிக்கல் தொடங்கும்.

பான்ஃப்ராஸ்ட், 2019இல் வெளியான 5.2 கர்னலில் லிமா என்ற மற்றொரு இயக்கியோடு சேர்ந்து வந்த, மாலி என்ற வரைகலைச் சிப்புக்கான இயக்கி. அது திரையில் வரைவதை மட்டுமே வேகப்படுத்தும். வீடியோவை விரித்துக் கொடுப்பது சிப்பின் வேறொரு பகுதி. அதற்குத் தனி இயக்கி, அதைப் பயன்படுத்தத் தெரிந்த பிளேயர் இரண்டும் தேவை. வீடியோ ஓடும்போது செயலியின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையைப் பாருங்கள். எல்லாக் கருக்களும் நிரம்பியிருந்தால் விரிக்கும் வேலையைச் செயலியே செய்துகொண்டிருக்கிறது. பிரவுசரை விட்டுவிட்டு, வன்பொருள் விரிப்பு ஆதரவோடு வரும் கோடி என்ற வீடியோ பிளேயரையோ, அதை உள்ளடக்கிய லிப்ரெஎலெக் இயங்குதளத்தையோ அதே கோப்பில் சோதித்துப் பாருங்கள். உங்கள் சிப்புக்கு ஆதரவு இருக்குமானால் டாப் காட்டும் சுமை சட்டென்று இறங்கிவிடும்.