வணிகச் சட்டத்தில் முதுநிலைப் படிப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: இளநிலையில் கம்பெனி சட்டம், ஒப்பந்தச் சட்டம் எல்லாம் படித்துவிட்டேன். எல்.எல்.எம்.மிலும் அதையேதான் மறுபடி படிக்க வேண்டுமா?

பதில்: இல்லை. நாடு விட்டு நாடு போகும் ஒரு சரக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் விற்பனைக்கு 1980இல் வியன்னாவில் உருவான ஐ.நா. உடன்படிக்கை பொருந்தலாம். வழியில் சரக்கு கெட்டால் நஷ்டம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிய இன்கோடெர்ம்ஸ் விதி (விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரிக்கும் சர்வதேச வணிக விதி) சொல்லும். பணம் எல்.சி. (சரியான ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம்) வழியாக வருகிறதா? அப்படியானால் வங்கி சரக்கைப் பார்க்காது, ஆவணங்களைத்தான் பார்க்கும். எல்.சி.களுக்கான சர்வதேச விதித் தொகுப்பான யூ.சி.பி. 600இன்படி அதற்கு அதிகபட்சம் 5 வங்கி வேலை நாட்கள்.

சரி, ஆவணங்கள் சுத்தமாக இருக்கின்றன, சரக்கோ அழுகிப்போய் வந்திருக்கிறது. மோசடி இல்லாதவரை வங்கி பணம் கொடுத்தே ஆக வேண்டும். வாங்கியவர் விற்றவரோடுதான் மோத வேண்டும். வியன்னா உடன்படிக்கையின் 39ஆவது பிரிவுப்படி நியாயமான காலத்துக்குள் குறையைச் சொல்லியிருக்கவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு உத்தரவாதக் காலம் இல்லாவிட்டால் 2 ஆண்டுகளே கடைசி எல்லை. இளநிலையில் இவை தனித்தனிப் பாடங்கள். ஒரு விதி இன்னொன்றோடு எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதுதான் முதுநிலை. எனக்கு இந்தப் படிப்பின் மேல் பிடிப்பு வந்ததே அந்த இடத்தில்தான்.

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. சட்டப் பட்டம் இல்லாமல் சேரலாமா?

பதில்: சில பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளும், பல சேர்க்காது. சேர்ந்து முடித்தாலும் அந்தப் பட்டம் மட்டுமே உங்களை வழக்கறிஞர் ஆக்கிவிடாது. ஒப்பந்த மேலாண்மை, நிறுவனச் சட்ட இணக்கம் போன்ற வேலைகளுக்கு என்றால் யோசிக்கலாம்.

கேள்வி: தீர்ப்புகளை மணிக்கணக்கில் படிக்கிறேன், மறுநாள் எதுவும் நினைவில் இல்லை.

பதில்: வழக்கின் உண்மைகளில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். 1854இன் ஹாட்லி எதிர் பாக்ஸண்டேல் வழக்கில் ஆலையின் தண்டு உடைந்தது. அதை ஏற்றிச் சென்றவர் தாமதித்ததால் ஆலை கூடுதல் நாட்கள் நின்றது. இழந்த லாபத்தை ஆலைக்காரர்கள் கேட்டும் நீதிமன்றம் தரவில்லை. மாற்றுத் தண்டு இல்லை, ஆலை நிற்கும் என்று ஏற்றிச் சென்றவரிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தால்? இதற்கு அரைப் பக்கம் பதில் எழுதினால் தீர்ப்பு மறக்கவே மறக்காது.

கேள்வி: ஆய்வேட்டுக்கு 'சர்வதேச வணிக நடுவர் முறை' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: மிக அகலம். நடுவர் முறை என்றால், நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தகராறைத் தீர்ப்பது; அதில் எத்தனையோ கேள்விகள். ஒரே ஒரு சொல்லில்கூட ஆய்வேடு இருக்கிறது. 1958இன் நியூயார்க் உடன்படிக்கை, ஒரு நடுவர் தீர்ப்பு அது வழங்கப்பட்ட நாட்டிலேயே ரத்தானால் பிற நாடுகள் அதை நிறைவேற்ற 'மறுக்கலாம்' என்கிறது. 'மறுக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில், ரத்தான தீர்ப்புகளையும் பிரெஞ்சு நீதிமன்றங்கள் நிறைவேற்றியிருக்கின்றன. வேறு பல நாடுகள் தயங்குகின்றன. இரண்டு நாடுகளை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். அப்புறம் தலைப்பு தானாக அமையும்.

கேள்வி: மாதிரி நீதிமன்றப் போட்டிகள் நேர விரயமா?

பதில்: நிச்சயமாக இல்லை. வியன்னாவில் ஆண்டுதோறும் நடக்கும் விஸ் போட்டியில் மேலே சொன்ன விற்பனை உடன்படிக்கையும் நடுவர் முறையும்தான் களம். இரு தரப்புக்கும் மனு எழுத வேண்டும் என்பதற்காகவே கலந்துகொள்ளுங்கள்.